எம்.ஜி.ஆர் வாழ்க்கை வரலாறு ஒன்று கையில் இருக்கிறது, நல்ல புத்தகமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈசூன்_வாசகன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்னச் சிக்கல், ஆனால் சனிக்கிழமைக்குள் தீர்ந்தாக வேண்டும்.

எங்கள் பேட்டை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிற வாசிப்புக் குழுவில் இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம், அதில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். இந்த மாதம் வாழ்க்கை வரலாறு என்று முடிவாகி, என்னை இருபது நிமிடம் பேசச் சொல்லிவிட்டார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா ஓர் எம்.ஜி.ஆர் புத்தகத்தைப் பெட்டியில் திணித்து அனுப்பினார். 480 பக்கம், கெட்டி அட்டை, நடுவில் வழவழத் தாளில் படங்கள். அப்பா பட்டுக்கோட்டைப் பக்கம், பழைய ரசிகர் மன்றத்து ஆள், தினம் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தேன் என்று பெருமையாகச் சொன்னார். சரி, இதையே பேசிவிடலாம் என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

படித்து முடித்தேன். முடித்ததும் ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் பிரச்சினை. கஷ்டப்பட்டார், ஜெயித்தார், வாரி வழங்கினார், மறைந்தார். நான் 1991-ல் பிறந்தவன், அவரைத் திரையில் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை டிவியில்தான். புத்தகம் மனதில் ஒட்டாமல் போனது புத்தகத்தின் குறையா, அந்தக் காலத்தைப் பார்க்காத என் குறையா என்று எனக்கே தெரியவில்லை.

நல்ல இடங்களும் இருக்கின்றன. கும்பகோணத்தில் அம்மா பிள்ளைகளைப் பட்டினியோடு வளர்த்த அத்தியாயம் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டது. நம்ம ஊர்க் கதையும் ஒன்று உண்டு: 1970-ல் 'உலகம் சுற்றும் வாலிபன்' படப்பிடிப்புக்காக அவர் வந்திறங்கியபோது சாங்கி விமான நிலையமே ஸ்தம்பித்துப் போனதாம், ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருக்கிறார். சிங்கப்பூர்க் கூட்டத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று இதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு நடிகரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும்போது அது நன்றாக எழுதப்பட்டதா என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்? "நடை அருமை, தகவல்கள் ஏராளம்" என்று நான் பேசினால் டீச்சர்கள் என்னை உரித்துவிடுவார்கள். புத்தகத்தின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை, எழுதியவர் அப்பாவுக்கு வேண்டியவர்.


தேக்கா_பழசு:

தம்பி, முதல் வேலையாக அந்தச் சாங்கிப் பக்கத்தை உங்கள் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முன்வரிசை டீச்சர் ஒருவர் பேச்சின் நடுவிலேயே கையைத் தூக்கிவிடுவார்.

சாங்கி விமான நிலையம் திறந்ததே 1981-ல்தான். 1970-ல் விமானத்தில் வந்தவர் மன்னராக இருந்தாலும் மக்கள் திலகமாக இருந்தாலும் இறங்கியது பாய லேபாரில். எனக்கு அப்போது பதினொரு வயது. பாய லேபாரில் விமானம் ஏறி இறங்குவதைப் பார்க்க மாடம் மாதிரி ஓர் இடம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போய் நிற்பது அந்தக் காலத்தில் ஒரு பொழுதுபோக்கு, செலவில்லாதது என்பதால் எங்கள் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. இப்போது அதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

அவர் அந்த வருஷம் படக்குழுவோடு இந்தப் பக்கத்து நாடுகளுக்கு வந்தது உண்மைதான். ஒசாகாவில் எக்ஸ்போ 70 நடந்துகொண்டிருந்தது, அதைப் படத்திலேயே பார்க்கலாம், படம் 1973-ல் வெளிவந்தது. ஆகவே எழுதியவர் முழுப் பொய் எழுதிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை என்றுதான் சொல்கிறேன். தலைவர் வந்தால் கூட்டம் வந்திருக்கும், சிங்கப்பூர் என்றால் சாங்கி, அவ்வளவுதான், பேனா ஓடிவிட்டது. அன்றைக்கு நேரில் போனவர் ஒருவரிடம் கேட்டிருந்தாலோ, அந்த மாதத்துப் பேப்பரைப் புரட்டியிருந்தாலோ முதல் வரியிலேயே பாய லேபார் வந்து விழுந்திருக்கும்.

இதை அச்சுப்பிழை மாதிரி விட்டுவிட முடியாது. நான் எந்த வாழ்க்கை வரலாற்றை எடுத்தாலும், எனக்கு நேரில் தெரிந்த இடமோ நாளோ எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடி அதைத்தான் முதலில் படிப்பேன். எனக்குத் தெரிந்த அந்த ஒரு பக்கத்தில் கோட்டை விட்டவர், எனக்குத் தெரியாத மிச்சம் 479 பக்கத்தில் மட்டும் உத்தமமாக எழுதியிருப்பார் என்று எப்படி நம்புவது?

தேசிய நூலகத்தின் பழைய பேப்பர்கள் தளத்தில் தமிழ் முரசு இருக்கிறது, சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய பேப்பர், கொஞ்சநஞ்சம் இல்லை, கடலளவு கிடக்கிறது. தமிழில் சொல்லைப் போட்டுத் தேடினால் சில சமயம் ஒன்றும் சிக்காது, தேதியை வைத்து நாள் நாளாகப் புரட்டுவதுதான் எனக்குத் தெரிந்த வழி. ஆனால் ஒன்று, சினிமா விளம்பரங்களில் மாட்டிக்கொண்டால் சனிக்கிழமைக் கூட்டம் அம்போ.


ஈசூன்_வாசகன்:

ஐயோ அண்ணே, அந்தப் பக்கத்தில் மஞ்சள் பேனாவால் கோடு வேறு போட்டு வைத்திருக்கிறேன். நான் இங்கே வந்தது 2014-ல், எனக்குச் சாங்கி என்றைக்கும் இருந்தது மாதிரித்தான் மனதில் பதிந்திருக்கிறது. நல்லவேளை இங்கே கேட்டேன்.


ஒற்றுப்பிழை:

நான் பதினாலு வருஷமாகப் புத்தகங்களுக்கு புரூஃப் பார்ப்பவள், இந்த வகைப் புத்தகங்கள் நிறைய என் கையில் வந்து போயிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

கும்பகோணம் அத்தியாயத்தில் அழுதேன் என்கிறீர்கள், அங்கேயே ஆரம்பிப்போம். அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்து, மேற்கோள் குறிக்குள் இருக்கிற ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் "யார் கேட்டது?" என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 1920-களில் ஒரு சின்ன வீடு, அப்பா இல்லை, அம்மா சத்யபாமாவும் இரண்டு பையன்களும். அடுப்படியில் அம்மா பெரியவனிடம் சொன்னதும், சின்னவன் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு கேட்டதும், வார்த்தைக்கு வார்த்தை அரைப் பக்கம் வருகிறது என்றால் அது எங்கிருந்து வந்தது? எம்.ஜி.ஆரோ அண்ணன் சக்கரபாணியோ பிற்பாடு சொல்லியிருந்தால்தான் உண்டு. எம்.ஜி.ஆர் சொல்லவும் செய்திருக்கிறார், எழுபதுகளில் ஆனந்த விகடனில் 'நான் ஏன் பிறந்தேன்' என்று தொடராகவே எழுதினார். அப்படியானால் "தொடரில் இப்படி நினைவுகூர்கிறார்" என்று ஒரு வரி போட என்ன கஷ்டம்? ஐம்பதைத் தாண்டிவிட்ட, அரசியலில் கழுத்தளவு இறங்கிவிட்ட ஒருவர் தன் சின்ன வயசை நினைத்து எழுதியது அது. அப்படித் தெரிந்து படித்தாலும் நீங்கள் அழுதிருப்பீர்கள், ஆனால் எதற்காக இதை இப்போது, இப்படிச் சொல்கிறார் என்று கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் பல பேர் மூலத்தைச் சொல்லாமல், தாங்களே கூரை ஓட்டைப் பிரித்து எட்டிப் பார்த்ததுபோல் எழுதுகிறார்கள். கதை எழுதுவது பாவமில்லை. அட்டையில் வேறு பெயர் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தப் பதினோரு வருஷம். 1936-ல் 'சதிலீலாவதி', அதில் அவருக்கு ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேடம், சின்னது. கதாநாயகனாக முதல் படம் 'ராஜகுமாரி', 1947. பத்தொன்பது வயதிலிருந்து முப்பது வரைக்கும். உங்கள் 480 பக்கத்தில் இதற்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். நான் பார்த்தவரை இந்த வகையில் நாலு பக்கம், தாராளமாகப் போனால் ஆறு. "சிறு சிறு வேடங்களில் நடித்து வாய்ப்புக்காகக் காத்திருந்தார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்தியில் மாலை விழுந்துவிடும். ஆனால் தம்பி, 1940-ல் அவர் பிற்பாடு எம்.ஜி.ஆர் ஆகப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முப்பது வயதை நெருங்குகிற, கதாநாயகன் ஆகாத ஒரு நடிகர், அவ்வளவுதான். எந்தக் கம்பெனி வாசலில் நின்றார், யார் சொல்லி வேலை கிடைத்தது, யார் சொல்லியும் கிடைக்கவில்லை, வாள்வீச்சை யாரிடம் பழகினார், வீட்டில் அரிசிக்கு என்ன செய்தார்கள். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவருக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான், ஜெயித்த பிறகு நடந்ததை எழுத எல்லாரும் இருக்கிறார்கள்.

அதே வருஷங்களில் வெளியே என்ன நடந்தது என்பதும் வர வேண்டும். தியாகராஜ பாகவதர் உச்சத்தில் இருந்தார். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வருகிறது, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அந்த வருஷக் கடைசியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணரும் கைதாகிறார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947-ல் வெளியே வந்தபோது பாகவதருக்குப் பழைய இடம் இல்லை. பாடத் தெரிந்தவர்தான் நாயகன் என்ற காலம் போய், பாட்டை இன்னொருவர் பின்னால் நின்று பாட, முகமும் உடம்பும் சண்டையும் இருந்தால் நாயகன் ஆகலாம் என்ற காலம் வந்ததும் அதையொட்டித்தான். பாடத் தெரியாத, கத்தி சுழற்றத் தெரிந்த ஒருவருக்குக் கதவு ஏன் அப்போது திறந்தது என்பது இதில் பாதி இருக்கிறது. இதை எழுதாமல் "காலம் கைகொடுத்தது" என்று ஒரு வரியில் தாண்டினால் எனக்குப் பேனாவைக் கீழே வைத்துவிடத் தோன்றும், காசு வாங்கிவிட்டோமே என்று மிச்சத்தையும் படிப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேல், 1967 ஜனவரி 12. நேரமே இல்லை என்றால் இந்த ஒரு நாளை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்யலாம் என்பேன். ராமாவரம் தோட்டத்து வீட்டுக்கு எம்.ஆர். ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் வருகிறார்கள். குண்டு எம்.ஜி.ஆரின் காதோரம் பாய்ந்து கழுத்தில் தங்குகிறது, ராதாவுக்கும் குண்டுக் காயம். கோர்ட்டில் இவர் தரப்பு ஒன்று சொன்னது, அவர் தரப்பு வேறொன்று சொன்னது, கடைசியில் ராதாதான் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஜெயிலுக்குப் போனார். இதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை, எல்லாம் எழுத்தில் கிடக்கிறது. ஆனால் எழுதுகிறவரின் நெஞ்சு எப்படிப்பட்டது என்று இங்கே தெரிந்துவிடும். ராதா வெறும் வில்லனாக அந்த அறைக்குள் நுழைகிறாரா, அல்லது மனிதராக நுழைகிறாரா? இவரைவிட பத்து வயது மூத்தவர், நாடக மேடையை நடுங்க வைத்தவர், இவரோடு எத்தனையோ படத்தில் நடித்தவர், பெரியார் பக்கம் நின்று அந்தத் தேர்தலில் காமராஜரை ஆதரித்தவர், இவரோ திமுகவின் முகம், தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு துப்பாக்கி வெடித்தால் ஒரு மாதிரி, "வஞ்சகன் சுட்டான், தர்மம் காத்தது" என்றால் வேறு மாதிரி.

சுட்ட பிறகு நடந்ததையும் பாருங்கள். கழுத்தில் கட்டோடு கட்டிலில் இருக்கிற படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் ஒட்டப்பட்டது, பரங்கிமலையில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்தார். அது அரசியல். நடிகராக என்ன ஆனது? குரல் போனது. நடிகருக்குக் குரல் மாறுவது என்றால் பாடகருக்குத் தொண்டை போவது மாதிரி. அதற்குப் பிறகும் பத்து வருஷம் அந்தக் குழறிய குரலிலேயே பேசி நடித்தார், ஜனங்கள் அதைக் குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை, தங்களுக்காகப் பட்ட காயம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தார், எந்த எழுத்து வரவில்லை, வசனகர்த்தாக்கள் அதற்கேற்ப வசனத்தை மாற்றினார்களா? நடிப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடமே இதுதான். உங்கள் புத்தகம் இதற்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கிறதா? நடிகரைப் பற்றி 480 பக்கம் எழுதி, நடிப்பைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லாமல், எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்று மட்டும் அடுக்கிய புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன், அவற்றைத் தியேட்டர் கணக்கு நோட்டு என்று சொல்லலாம்.

மிச்சமெல்லாம் சில்லறை. பின்னால் பெயர் அடைவு இருக்கிறதா, படத்துக்குக் கீழே வருஷமும் கூட நிற்பவர் பெயரும் இருக்கிறதா, இல்லை எல்லாப் படத்துக்கும் "ஓர் அரிய புகைப்படம்" தானா, முன்னுரையில் எத்தனை அமைச்சர்கள். அவ்வளவுதான்.


வாத்தியார்_ரசிகன்_பொங்கோல்:

ஒரு மனிதர் செத்து இத்தனை வருஷம் ஆகியும் போஸ்ட்மார்ட்டம் செய்கிறீர்களே. எது சாங்கி எது பாய லேபார் என்று யாருக்கு வேண்டும்? அந்தப் புத்தகம் டீச்சர்களுக்காக எழுதியது இல்லை, ஈசூன் தம்பியின் அப்பா மாதிரி ஆட்களுக்காக எழுதியது. அவர் தினம் ராத்திரி படித்தார், சந்தோஷப்பட்டார், புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது. நான் 1980-ல் பிறந்தவன், சிவகங்கைப் பக்கம், பள்ளிக்கூடத்தில் சத்துணவுத் தட்டோடு வரிசையில் நின்றவன். அவர் போட்ட சோற்றையும் முட்டையையும் தின்று வளர்ந்துதான் இன்றைக்கு இங்கே நிரந்தரவாசியாக உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். எனக்கு அவர் கடவுள். கடவுளுக்கு அடைவு தேவையில்லை.


ஒற்றுப்பிழை:

அண்ணே, சத்துணவைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குத் துளியும் மறுப்பில்லை, என் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் நின்றவர்தான். ஆனால் முட்டை மட்டும் அவர் போட்டதில்லை. சத்துணவுத் திட்டம் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் தொடங்கியது, முட்டை 1989-ல் கருணாநிதி ஆட்சி வந்த பிறகு சேர்ந்தது. நீங்கள் 1980-ல் பிறந்தவர் என்பதால் சோறு ஒருவர் கையாலும் முட்டை இன்னொருவர் கையாலும் உங்கள் தட்டில் விழுந்திருக்கிறது, முப்பது வருஷத்தில் நினைவு இரண்டையும் ஒரே கையாக்கிவிட்டது.

உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, எனக்கும் இப்படித்தான் நடக்கும், எல்லாருக்கும் நடக்கும். வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் பேட்டி எடுக்கப் போவது உங்களையும் என்னையும் மாதிரி ஆட்களிடம்தான். நாம் சொன்ன முட்டையை அப்படியே எழுதிவிட்டுப் போகிறவர் ஒரு ரகம், வீட்டுக்குப் போய் அரசாணையை எடுத்துப் பார்க்கிறவர் ஒரு ரகம். அதோடு எம்.ஜி.ஆருக்கு முன்னால் காமராஜர் நடத்திய மதிய உணவு இருந்தது, இவர் அதை எவ்வளவு பெரிதாக்கினார், காசுக்கு எங்கே போனார், எத்தனை லட்சம் பிள்ளைகளுக்குச் சமைக்க ஊர் ஊராக ஆயாக்களை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்று எழுதினால் அவர் பெயர் குறையுமா கூடுமா நீங்களே சொல்லுங்கள். வானத்திலிருந்து சோறு போட்டார் என்று எழுதுகிறவர்தான் அவரைச் சின்னதாக்குகிறார்.


வாத்தியார்_ரசிகன்_பொங்கோல்:

முட்டை விஷயம் எனக்குப் புதுசு. அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன். ஆனால் கடவுள் கடவுள்தான்.


பலஸ்டியர்_ரோடு:

எம்.ஜி.ஆரைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர்கள் நடுவில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் நடிகர் ஒருவரை வைத்து ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

நான் பலஸ்டியர் பக்கம் வளர்ந்தவன். ஜாலான் அம்பாஸ் எட்டாம் எண், ஷா சகோதரர்களின் மலாய்ப் பட ஸ்டூடியோ, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பி. ரம்லி பினாங்கிலிருந்து வந்து 1948-ல் நுழைந்தது அங்கேதான், பாடகராகவும் சின்ன வேடக்காரராகவும். அவரைப் பற்றி மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்த புத்தகங்களை நூலகத்தில் எடுத்து மூன்று வாரத் தவணையில் ஒவ்வொன்றாகப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். கையில் எடுத்ததும் நான் தேடுகிற பெயர் ஒன்று உண்டு: எல். கிருஷ்ணன். மதராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். 1950-ல் 'பக்தி' படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக நிறுத்தியவர் அவர்தான். படம் மலாய், தலைப்பைப் பாருங்கள். அந்த ஸ்டூடியோவில் அப்போது இயக்கியவர்களில் நிறையப் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ராஜ்ஹன்ஸ், பணி மஜும்தார் என்று. 'ஹங் துவா' மஜும்தார் எடுத்தது, 1956. ரம்லி தானே இயக்க ஆரம்பித்தது அதற்கு முந்தின வருஷம்.

கிருஷ்ணன் பெயர் ஒரு வரியில் வந்து போகிற புத்தகத்தில் ரம்லி தானாக முளைத்தவர் மாதிரி இருப்பார். கிருஷ்ணனோடு ஸ்டூடியோ, காமிராமேன், பாட்டு வாத்தியக்காரர்கள், சம்பளம் எல்லாம் வருகிற புத்தகத்தில் அவர் இன்னும் பெரிய ஆளாகத் தெரிவார், ஏனென்றால் இத்தனை பேர் நடுவிலும் அவர் ஒருவர்தான் அப்படி எழுந்தார் என்று தெரிகிறது. மேலே அந்த அம்மா எம்.ஜி.ஆரின் ஆரம்பப் பதினோரு வருஷத்தைச் சொன்னார், நான் ரம்லியின் கடைசி ஒன்பது வருஷத்தைப் பார்ப்பேன். 1964-ல் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூர் போனார், மெர்டேக்கா ஸ்டூடியோ, வசதி போதாது, படங்கள் பழையபடி ஓடவில்லை. 1973 மே மாதம் இறந்தார், வயது 44. டான்ஸ்ரீ பட்டம் கொடுத்தது 1990-ல். கெட்ட புத்தகம் 64-லிருந்து நேராக இறுதி ஊர்வலத்துக்குப் போய்விடும், ஏனென்றால் நடுவில் இருக்கிறவற்றைச் சொன்னால் உயிரோடு இருக்கும்போது அவரைக் கைவிட்டவர்கள் யார் யார் என்றும் சொல்ல வேண்டிவரும்.


ஈசூன்_வாசகன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ஒற்றுப்பிழை அக்கா சொன்ன பென்சில் வேலையைச் செய்தேன். கும்பகோணம் அத்தியாயத்தில் மட்டும் முப்பத்தொரு "யார் கேட்டது?". பதினோரு வருஷத்துக்கு ஐந்து பக்கம், அதிலும் ஒன்று முழுப்பக்கப் படம். குரலைப் பற்றி ஒரே வரி, "சிங்கத்தின் கர்ஜனை சற்றே மாறியது" என்று. அடைவு கிடையாது. அமைச்சர்கள் இரண்டு.

ஆனால் எழுத வந்தது வேறு விஷயம். காலையில் எம்.ஆர்.டி.யில் போகும்போது அப்பாவுக்கு ஃபோன் போட்டு, புத்தகம் எப்படிப்பா இருந்தது, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். நல்லாத்தான் இருந்தது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கடைசி அத்தியாயம் மட்டும் சரியில்லை என்றார். ஏன் என்றேன்.

1987 டிசம்பரில் அப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. தலைவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து லாரி பிடித்து மெட்ராஸ் போயிருக்கிறார்கள், இது எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. புத்தகத்தில் அந்த அத்தியாயம் முழுக்க "மெழுகுவர்த்திபோல் உருகிய மக்கள் அமைதியாக விடைகொடுத்தனர்" என்று போகிறது. அப்பா சொன்னது நான் அதுவரை கேட்காதது. அண்ணா சாலையில் கடைகளை உடைத்துச் சாமான்களை அள்ளிக்கொண்டு ஓடியதைப் பார்த்தாராம், ஒரு ஆள் தோளில் மின்விசிறி, ஓட ஓட அதன் இறக்கை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்ததாம். கருணாநிதி சிலையைக் கடப்பாரையால் இடித்ததையும் பார்த்திருக்கிறார். ராஜாஜி மண்டபத்துப் பக்கம் நெருங்கவே முடியவில்லை. செருப்பு போய்விட்டது, கூட வந்த ஒருவரைக் காணாமல் ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறார்கள்.

"இதையெல்லாம் அவன் ஏன் எழுதலை? நாங்க எல்லாம் அழுதுக்கிட்டுதான் இருந்தோம், ஆனா அதுவும் நடந்தது. அதை விட்டுட்டா நான் போனதே பொய் மாதிரி இருக்கு" என்றார். எழுதியவர் உங்களுக்கு வேண்டியவர்தானே, சொல்ல வேண்டியதுதானே என்றேன். அவன் அன்னைக்கு மெட்ராஸுக்கு வரவே இல்லை, எப்படிச் சொல்றது என்றார்.

மன்றத்து ஆள், அவருக்கு யாரும் பென்சிலும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை இந்த மின்விசிறியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கப் போகிறேன், அப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.


தேக்கா_பழசு:

காணாமல் போனவர் கிடைத்தாரா தம்பி?


ஈசூன்_வாசகன்:

கிடைத்தார் அண்ணே. மறுநாள் எழும்பூர் ஸ்டேஷனில் தூங்கிக்கொண்டிருந்தாராம். இப்போது ஊரில் எங்கள் பக்கத்து வீடு.


வாத்தியார்_ரசிகன்_பொங்கோல்:

அம்மாவிடம் கேட்டேன். முட்டை எண்பத்தொன்பதுதான் என்கிறார்கள். தம்பி, கூட்டம் எத்தனை மணிக்கு, வெளியாள் வரலாமா?